மின்வாரியத்துக்கு நட்டம், மின்சாரம் விற்பவருக்கு லாபம்: நடுவில் இருக்கும் ஆணையம் என்ன செய்கிறது?

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 2022க்குப் பிறகு வீட்டின் கரண்ட் பில் ஏறியிருக்கிறது, மின்வாரியமோ தனக்கு நட்டம் என்கிறது, அந்த வாரியத்துக்கு மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் லாபம் அறிவிக்கின்றன, இதைத் தடுப்பதற்கென்றே ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கும்போது அது யாருக்காக வேலை செய்கிறது? இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. நிறுவனங்களின் லாபத்தைக் குறைத்தால் என் பில் எவ்வளவு குறையும் என்பது ஒன்று. அந்த லாபத்தை யார், எந்த நாளில் தீர்மானிக்கிறார்கள் என்பது மற்றொன்று. பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் உங்கள் பில்லை உண்மையில் நிர்ணயிப்பது இரண்டாவது கேள்விக்கான விடை என்பது என் கருத்து. ஆகவே அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். செலவுக் கணக்கு படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மின்கட்டண மனுக்களைப் படிப்பதும், அவற்றின் மீது தொழிற்சாலைகளுக்காகவும் பின்னர் நுகர்வோர் அமைப்புகளுக்காகவும் ஆட்சேபங்கள் எழுதிக் கொடுப்பதும் என் வேலையாக இருந்தன. எனவே கணக்கு எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்று என்னால் சொல்ல முடியும். எந்த ஒப்பந்தத்தின் பின்னால் எவருடைய உள்நோக்கம் இருந்தது என்பதைக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. அதை நான் சொல்லப் போவதுமில்லை.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். 1957 ஜூலை 1 அன்று தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் உற்பத்திக்கும் விநியோகத்துக்கும் டான்ஜெட்கோ, மின்தொடருக்கு, அதாவது உயரழுத்தக் கம்பிகளில் மின்சாரத்தைக் கடத்துவதற்கு, டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது. 2024இல் டான்ஜெட்கோவும் விநியோகம், அனல் மின் உற்பத்தி, பசுமை மின்சாரம் என மூன்று நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. மக்கள் இன்றும் இவை எல்லாவற்றையும் சேர்த்து ஈபி என்றுதான் சொல்கிறார்கள். நானும் மின்வாரியம் என்றே எழுதுகிறேன். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், அனல் மின் நிலையம் அமைக்க உரிமம் தேவையில்லை என்று ஆக்கியது. அதன்பின் வாரியம் தானே உற்பத்தி செய்வது ஒரு பகுதியாகவும், என்.டி.பி.சி., என்.எல்.சி., கூடங்குளம் போன்ற மத்திய நிலையங்கள், தனியார் அனல் நிலையங்கள், காற்றாலைகள், சூரிய மின் நிலையங்கள், மின்சந்தை ஆகியவற்றிடம் வாங்குவது பெரும்பகுதியாகவும் ஆகிவிட்டது. பொதுவாக இந்திய விநியோக நிறுவனங்களின் செலவில் முக்கால் பங்கு அளவுக்கு மின் கொள்முதலே விழுங்குகிறது. கம்பமும் கம்பியும் ஊழியர் சம்பளமும் மீதிக்குள் வருபவை. ஆகவே பில் ஏறுவதற்குக் காரணம் தேடுபவர், தெருவில் வேலை செய்யும் லைன்மேனை விட்டுவிட்டு, வாரியம் கையெழுத்திட்ட மின் கொள்முதல் ஒப்பந்தங்களைத்தான் பார்க்க வேண்டும்.

லாபத்தின் அளவைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். 2023-24இல் என்.டி.பி.சி. குழுமத்தின் நிகர லாபம் 21,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மின்தொடர் நிறுவனமான பவர் கிரிட் 15,000 கோடிக்கு மேல் ஈட்டியது. அதானி பவர் 20,000 கோடிக்கு மேல் காட்டியது, அதில் முந்தைய ஆண்டுகளின் பாக்கி வந்து சேர்ந்ததும் அடக்கம். இவற்றில் முதல் இரண்டிலும் பெரும்பங்கு வைத்திருப்பது மத்திய அரசு. ஆகவே லாபம் என்றாலே தனியார் என்று எண்ண வேண்டாம். உங்கள் பில்லின் ஒரு பகுதி ஈவுத்தொகையாக அரசுக் கருவூலத்துக்கும் போய்ச் சேருகிறது.

இந்த லாபம் எப்படி உருவாகிறது? மின்சாரச் சட்டத்தில் இரண்டு வழிகள் உள்ளன. 62ஆம் பிரிவின்படி ஆணையம் (மத்திய நிலையங்களுக்கு மத்திய ஆணையம், மாநிலத்துக்குள் தமிழ்நாடு ஆணையம்) செலவைப் பரிசீலித்து, அதன் மேல் ஒரு வருவாயைச் சேர்த்து விலை நிர்ணயிக்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனல் நிலையங்களுக்கு அனுமதித்திருக்கும் வருவாய், பங்கு மூலதனத்தின் (நிறுவனம் போட்ட சொந்தப் பணத்தின்) மீது 15.5 விழுக்காடு, 2009இலிருந்து இதே விகிதம்தான். மொத்த முதலீட்டில் 70 விழுக்காடு கடன், 30 விழுக்காடு சொந்தப் பணம் என்பது கணக்கிடும் முறை. ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன். இது விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட கணக்கு, எந்தக் குறிப்பிட்ட நிலையத்தின் கணக்கும் அன்று. ஒரு மெகாவாட் அமைக்க 7 கோடி ரூபாய் ஆகிறது என்றால் பங்கு மூலதனம் 2.1 கோடி. அதில் 15.5 விழுக்காடு, ஆண்டுக்கு 32.55 லட்சம். அந்த ஒரு மெகாவாட், ஆண்டில் 85 விழுக்காடு நேரம் ஓடினால் சுமார் 74.5 லட்சம் யூனிட் கிடைக்கும். வகுத்துப் பாருங்கள்: யூனிட்டுக்கு ஏறத்தாழ 44 பைசா லாபம். வருமான வரியையும் நுகர்வோரே ஏற்க வேண்டும் என்பதால் அது 58 பைசா அளவுக்கு வரும்.

இதிலிருந்து உங்கள் முதல் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கிறது. 15.5 என்பதை 12 ஆகக் குறைத்தால் இந்த எடுத்துக்காட்டில் யூனிட்டுக்குச் சுமார் 10 பைசா, வரியையும் சேர்த்தால் 13 பைசா குறையும். இது அற்பத் தொகை அன்று. கோடிக்கணக்கான யூனிட்டுகளால் பெருக்கினால் பெரிய பணம். ஆனாலும் உங்கள் பில்லைப் பாதியாக்கக்கூடிய தொகையும் அன்று. நிலையம் ஓடத் தயார் என்று சொன்னாலே நிலையான செலவு முழுவதும் கிடைத்துவிடும் ஒரு தொழிலில், அதாவது வியாபாரியின் அபாயங்களில் பெரும்பாலானவை வாங்குபவர் தலையில் ஏற்றப்பட்டுவிட்ட தொழிலில், வரி போக 15.5 விழுக்காடு என்பது அதிகம் என்பது என் உறுதியான கருத்து. 2024இல் புதிய மின்தொடர் திட்டங்களுக்கு மத்திய ஆணையமே அதை 15 ஆகக் குறைத்தது. அரை விழுக்காட்டுக்கே இத்தனை ஆண்டுகள் ஆயின. மறுபக்கத்தில், குறைத்தால் முதலீடு வராது என்பவர்களின் வாதத்தையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. எந்த விகிதத்தில் முதலீடு நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டு நிறுவ வழியில்லை, இருதரப்பும் ஊகத்தில்தான் பேசுகிறோம்.

இங்கே "ஓடத் தயார்" என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அனல் நிலையத்துக்கு வாரியம் தரும் விலையில் இரண்டு பாகம் உண்டு. நிலையம் கட்டிய கடனுக்கான வட்டி, தேய்மானம், பராமரிப்பு, மேலே சொன்ன லாபம் ஆகியவை சேர்ந்தது நிலையான கட்டணம். நிலக்கரிக்கு உரியது மாறும் கட்டணம். ஒவ்வொரு நாளும் எந்த நிலையத்திடம் மின்சாரம் எடுப்பது என்ற வரிசை மாறும் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவாகிறது. மலிவானது முதலில், விலை கூடியது கடைசியில். கடைசியில் நிற்கும் நிலையம் பல மாதங்கள் சும்மா இருக்கலாம். ஆனாலும் அது தயார் நிலையில் இருப்பதாக அறிவித்து, அந்த அறிவிப்பு 85 விழுக்காட்டை எட்டினால், நிலையான கட்டணம் முழுவதையும் வாரியம் கொடுத்தாக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்று வீசும்போது, நண்பகலில் சூரிய மின்சாரம் குவியும்போது, எடுக்காத அனல் மின்சாரத்துக்கும் நாம் வாடகை கட்டுகிறோம். நிலையான கட்டணத்தில் லாபமும் உள்ளடங்கி இருப்பதால், ஒரு யூனிட்கூட உற்பத்தியாகாத நாளிலும் லாபம் உற்பத்தியாகிறது. இதில் முறைகேடு ஏதுமில்லை. ஒப்பந்தமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தேவைக்கு மேல் ஒப்பந்தம் செய்தால் தண்டனை நுகர்வோருக்கு, விற்பவருக்கு இல்லை என்பதுதான் இதன் பொருள்.

இரண்டாவது வழி 63ஆம் பிரிவு. இங்கே ஏலம், செலவுக் கணக்கை ஆணையம் கேட்பதில்லை. வெளிப்படையான ஏலத்தில் வந்த விலையை அது ஏற்றுக்கொள்கிறது. ஏலம் எடுத்தவர் அந்த விலையில் 5 விழுக்காடு லாபம் பார்க்கிறாரா, 30 பார்க்கிறாரா என்பது ஆணையத்தின் பார்வைக்கே வராது. ஏலத்தில் போட்டி இருந்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏலம் நடக்கும் காலம் எப்படிப்பட்டது என்பது முக்கியம். தமிழ்நாட்டில் 2008 இறுதியில் மின்கட்டுப்பாடு தொடங்கி, 2012இல் பல ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நிலைக்குப் போனது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்துச் சிறு பட்டறைகளை நேரில் கண்டவர்கள் அந்த ஆண்டுகளை மறக்க மாட்டார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கியே கடனாளியானவர்களின் கணக்குப் புத்தகங்களை நான் புரட்டியிருக்கிறேன். அந்த நெருக்கடியின் நடுவில்தான், 2013இல், பதினொரு தனியார் நிறுவனங்களுடன் 3,330 மெகாவாட்டுக்கு, யூனிட் 4.91 ரூபாய் என்ற சராசரி விலையில், பதினைந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது.

அந்த விலை அன்றைக்கு அதிகமா என்பதில் நியாயமாகவே இரண்டு கருத்து இருக்கலாம். தட்டுப்பாட்டின் உச்சத்தில் இருந்தவன் பேரம் பேசும் நிலையில் இல்லை. டீசலோடு ஒப்பிட்டால் 4.91 மலிவு. ஆனால் கணக்கில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு: அந்த 3,330 மெகாவாட்டும் 85 விழுக்காடு ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 2,480 கோடி யூனிட். யூனிட்டுக்கு 10 பைசா கூடுதலாக ஒப்புக்கொண்டாலும் ஆண்டுக்கு 248 கோடி ரூபாய், பதினைந்து ஆண்டுக்கு 3,700 கோடிக்கு மேல். பிற்பாடு எத்தனை கட்டண விசாரணை நடந்தாலும் அந்த 10 பைசாவைத் திரும்பப் பெற முடியாது. கையெழுத்து உலர்ந்ததும் அது செலவு என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. அதன்பின் ஆணையம் செலவைக் கூட்டிப் பார்க்கும் வேலையைத்தான் செய்ய முடியும்.

சூரிய மின்சாரத்தில் இதே பாடம் இன்னும் துலக்கமாகத் தெரியும். 2014 செப்டம்பரில் தமிழ்நாடு ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட் 7.01 ரூபாய் என்று விலை வைத்தது. அந்த விலையை நம்பித்தான் 2015இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் நிலையத்துக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. வேறு பலரும் அதே விலைக்கு வந்தார்கள். 2016 மார்ச்சில் ஆணையமே புதியவர்களுக்கு அதை 5.10 ஆகக் குறைத்தது. 2017இல் வாரியம் 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது கிடைத்த விலை 3.47. மூன்றே ஆண்டுகளில் பாதி. சூரியத் தகடுகளின் விலை உலகெங்கும் சரிந்துகொண்டிருந்த காலம் அது. அது 2014இலேயே தெரியாத செய்தியும் அன்று. ஒவ்வொரு 100 மெகாவாட்டுக்கும் 7.01க்கும் 5.10க்கும் உள்ள வேறுபாடு, 19 விழுக்காடு உற்பத்தி என்று வைத்தால், ஆண்டுக்குச் சுமார் 32 கோடி ரூபாய். அது 25 ஆண்டுகள் தொடரும். இங்கே விலை வைத்தது ஏலமுமில்லை, தனியாருமில்லை, ஆணையமே என்பதை நினைவில் வையுங்கள். அன்றைய செலவுத் தரவுகளின்படி அந்த விலை சரி என்று ஆணையம் சொன்னது. அந்தத் தரவுகளைப் படித்துப் பார்த்தால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. வேகமாகச் சரியும் விலையைப் பல மாதங்களுக்கு ஒரே எண்ணில் நிறுத்தி வைத்ததும், ஏலத்துக்குப் போகாததும் தவறான முறை என்பது மட்டும் என் தீர்ப்பு.

ஒப்பந்த விலையாவது மாறாமல் இருக்குமா என்றால் அதுவும் முழு உறுதியில்லை. ஒப்பந்தங்களில் "சட்ட மாற்றம்" என்று ஒரு பிரிவு இருக்கும். அரசு வரியோ விதியோ மாறினால் கூடுதல் செலவை வாங்குபவர் ஏற்க வேண்டும். 2010இல் இந்தோனேசியா தன் நிலக்கரி ஏற்றுமதி விலை விதிகளை மாற்றியபோது, குஜராத்தின் முந்திராவில் நிலையம் அமைத்திருந்த நிறுவனங்கள் அந்தக் கூடுதல் செலவைக் கேட்டன. 2017 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு விலை உயர்வு வியாபார அபாயம், அதை நுகர்வோர் தலையில் கட்ட முடியாது என்று மறுத்தது. ஆனால் உள்நாட்டு நிலக்கரி ஒதுக்கீடு குறைந்ததைச் சட்ட மாற்றமாக ஏற்றது. குறைந்த விலை சொல்லி ஏலத்தை வெல்வது, பின்னர் ஈடு கேட்டு வழக்காடுவது என்ற பழக்கத்துக்கு அந்தத் தீர்ப்பு ஓரளவு தடைபோட்டது. 2024 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, ஏலத்தில் வந்த விலை சந்தை விலையோடு பொருந்தாவிட்டால் அதை ஏற்க மறுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்றது. நுகர்வோர் பக்கத்துக்கு இது பெரிய ஆயுதம்.

மின்சந்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அடுத்த சில ஆண்டுகளில் இதன் பங்கு கூடும். அடுத்த நாளுக்கான ஏலத்தில், தேவையை நிறைவு செய்யும் கடைசி விற்பனையாளரின் விலையே எல்லோருக்கும் கிடைக்கும். நான்கு ரூபாயில் உற்பத்தி செய்தவருக்கும் அந்த உச்ச விலைதான். 2022 மார்ச்சில் அது யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. மத்திய ஆணையம் ஏப்ரலில் 12 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து, அடுத்த ஆண்டு அதை 10 ஆக்கியது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் என்ற புதிய உச்சத்துக்குப் போனது. அப்படிப்பட்ட கோடை நாட்களின் மாலை நேரங்களில், சூரியன் மறைந்து காற்றும் எழாத அந்த நான்கைந்து மணிநேரத்தில், வாரியம் வாங்கும் விலை பெரும்பாலும் வரம்பை ஒட்டியே இருக்கும். உண்மையான மிகை லாபம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால், ஒப்பந்தத்துக்கு அடுத்தபடியாக இந்த மணிநேரங்களைத்தான் காட்டுவேன். உச்சவரம்பு வைத்தது சரியே. இன்னும் முன்பே வைத்திருக்க வேண்டும்.

இனி நட்டத்துக்கு வருகிறேன். வாங்கிய விலை ஏறிக்கொண்டிருந்தபோது விற்ற விலை ஏறவில்லை. 2003 மார்ச்சுக்குப் பிறகு 2010 வரை தமிழ்நாட்டில் கட்டண உயர்வே இல்லை. 2012இல் ஒரேயடியாகச் சராசரி 37 விழுக்காடு ஏறியது. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் 10 வரை மீண்டும் உயர்வில்லை. அந்தந்தத் தேர்தலில் இது மக்கள் நலன் என்று சொல்லப்பட்டது. வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தைக் கடன் நிரப்பியது. 2017 ஜனவரியில், விநியோக நிறுவனங்களின் கடன் சுமையைக் குறைப்பதற்கான மத்திய அரசின் உதய் திட்டத்தின் கீழ், மாநில அரசு வாரியத்தின் கடனில் 22,815 கோடியைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்ட பிறகும் வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டி நிற்கிறது. அதற்கான வட்டி இன்று உங்கள் யூனிட் விலைக்குள் இருக்கிறது. பணமில்லாத வாரியம் விற்பவர்களுக்குத் தாமதமாகப் பணம் கொடுத்தது. தாமதத்துக்கு அபராத வட்டி விழுந்தது. பொதுவாக ஆணையங்கள் அந்த அபராதத்தைக் கட்டணத்தில் சேர்க்க விடுவதில்லை. ஆகவே அதுவும் நட்டமாகி, கடனாகி, வட்டியாகத் திரும்பி வரும். விற்பவரின் கணக்கிலோ அதே தொகை வருமானம். வாரியத்தின் நட்டமும் விற்பவரின் லாபமும் ஒரே தாளின் இரு பக்கங்கள் என்று நீங்கள் ஐயப்பட்டது இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் உண்மை.

விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தால் இது தீருமா என்று அடுத்துக் கேட்பார்கள். டெல்லியில் 2002இலிருந்து தனியார்தான். திருட்டும் கசிவும் அங்கே பெரிதும் குறைந்தன, அதை மறுக்கக் கூடாது. ஆனால் அங்கும் ஆணையம் கட்டணத்தை உரிய காலத்தில் ஏற்றவில்லை. வசூலாகாத தொகை, பிற்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்று வட்டியோடு கணக்கில் நின்றது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நிலுவைகளைக் காலவரம்புக்குள் தீர்க்கும்படி எல்லா ஆணையங்களுக்கும் உத்தரவிட்டது. அரசு வாரியத்தில் கடன் என்று பெயர், தனியாரிடம் நிலுவை என்று பெயர். இரண்டும் பின்னால் வரும் பில்.

உங்கள் பில்லின் ஏற்றத்தில் ஒரு பங்கு லாபத்தோடும் நட்டத்தோடும் தொடர்பே இல்லாதது என்பதையும் சொல்ல வேண்டும். வீடுகளுக்கு 2022க்குப் பின் நுகர்வோர் கைக்கு வந்த உயர்வு 2024 ஜூலையில் மட்டும்தான், 4.83 விழுக்காடு, 2023, 2025 உயர்வுகளை அரசே மானியமாக ஏற்றது. ஆனால் அடுக்கு முறை பலரை ஏமாற்றுகிறது. 2022 விலையில், இரு மாதத்துக்கு 500 யூனிட் எரித்தால் 1,725 ரூபாய். 510 யூனிட் எரித்தால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். 500ஐத் தாண்டியதும் கீழே 101 முதல் 200 யூனிட் வரையிலான அடுக்குக்குரிய மானியமும் பறிபோவதால் இப்படி ஆகிறது. கோடையில் ஒரு ஏசி வாங்கிய வீடு, கட்டணம் உயர்த்தாமலே கட்டணம் உயர்ந்ததாக உணர்வது இதனால்தான்.

இப்போது ஆணையம் யாருக்காக என்ற கேள்வி. சட்டப்படி அது செலவுக்கேற்ற கட்டணத்தையும் நுகர்வோர் நலனையும் ஒருசேரக் காக்க வேண்டும். மனு வராவிட்டாலும் தானாகவே கட்டணத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே எல்லா மாநில ஆணையங்களுக்கும் சொன்னது. அதற்குப் பின்னும் இங்கே எட்டாண்டு இடைவெளி விழுந்தது. ஆகவே ஆணையம் நிறுவனங்களின் கைப்பாவை என்று சொல்வதைவிட, அரசின் தேர்தல் நாட்காட்டிக்கு அஞ்சியது என்று சொல்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது. ஆனால் இன்னொரு குறை நம்முடையது. கட்டண உயர்வுக்கான கருத்துக் கேட்புக் கூட்டங்கள் 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நடந்தபோது மக்கள் திரண்டு வந்து கொதித்துப் பேசினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நீண்டகாலக் கொள்முதலுக்கு ஒப்புதல் கேட்கும் மனு விசாரணைக்கு நான் போயிருந்தேன். இரு தரப்பு வழக்கறிஞர்கள், அவர்களுடைய உதவியாளர்கள், பின்வரிசையில் நான். அரைமணி நேரத்தில் அடுத்த தேதி வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். பல ஆண்டுகளுக்கான உங்கள் பில் எழுதப்படும் அறை அதுதான். அங்கே நுகர்வோர் என்று ஒருவரும் இல்லை.

மின்சாரச் சட்டத்தின் 86ஆம் பிரிவின்படி, வாரியம் என்ன விலைக்கு வாங்கலாம் என்பதை ஒழுங்குபடுத்துவது ஆணையத்தின் கடமை. கொள்முதல் ஒப்புதல் மனுக்கள் அதன் இணையதளத்தில் வருகின்றன. குறிப்பிட்ட நாளுக்குள் யாரும் கருத்து எழுதலாம், வழக்கறிஞர் தேவையில்லை. எதை எழுதுவது என்று கேட்பீர்கள். இந்த மின்சாரம் எந்த மாதத்தில், எந்த மணிநேரத்தில் தேவை என்று காட்டப்பட்டிருக்கிறதா, எடுக்காத நாளில் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும், அண்மை ஏலங்களில் மற்ற மாநிலங்கள் என்ன விலைக்கு வாங்கின என்ற மூன்றும் போதும். ஏற்கெனவே கையெழுத்தானவற்றுக்குக் கட்டண மனுவின் இணைப்பில் நிலையவாரியாக ஓர் அட்டவணை இருக்கும்: நிலையான கட்டணம், மாறும் கட்டணம், வாங்கிய யூனிட். முதலாவதை மூன்றாவதால் வகுங்கள். எந்த நிலையத்துக்கு அது மற்றவற்றைவிடப் பலமடங்கு வருகிறதோ அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு சிறு விசைத்தறிக்காரர் இதைத்தான் செய்தார். அரைப்பக்கத் தாள், ஒரே வகுத்தல் கணக்கு. மற்றவர்கள் கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்டதற்கு ஆணையம் பொதுவான ஒரு பத்தியில் பதில் எழுதியது. அவருடைய கேள்விக்கு மட்டும், அந்த நிலையத்திடம் ஏன் அவ்வளவு குறைவாக வாங்கப்பட்டது, அதற்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று வாரியம் எண்களோடு விளக்கம் தர வேண்டியதாயிற்று. அந்த விளக்கம் ஆணையிலும் அச்சானது.